ஒரு மான், 15 படச்சட்டங்கள்: திருகோணமலையில் முதல் ஓவியக் கண்காட்சிக்குத் தயாராகிறவர்களுக்கு

திருகோணமலையில் பென்சில் பிடிக்கத் தெரிந்த எவரும் மூன்று படங்களை எப்படியும் வரைந்திருப்பார். சுவாமி மலையில் கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான், உள்துறைமுகத்தில் இறங்கும் சூரியன். மூன்றும் நன்றாகவே வந்திருக்கும். உறவினர்கள் பாராட்டியிருப்பார்கள், படித்த பாடசாலையின் சுவரில் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் மூன்றையும் அருகருகே மாட்டினால் வங்கி கொடுக்கும் நாட்காட்டிதான் கிடைக்கும், கண்காட்சி கிடைக்காது.

முதல் தடவையாகத் தனியாக ஒரு கண்காட்சி வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாதாரண தரத்தில் சித்திரம் படித்து, பிறகு வேலை, குடும்பம் என்று போனாலும் இரவில் கொப்பியைத் திறக்கிறவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். பென்சில், கரி, மை என்று கடதாசியில் வரைகிறவர்களையே மனதில் வைத்திருக்கிறேன். எண்ணெய் வர்ணத்துக்கு வேறு கணக்கு.

என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன். கருப்பொருளைக் குறுக்கத் தெரிந்தவருக்கு மீதி வேலைகளில் பாதி தானாகவே முடிவாகிவிடும். எந்த மண்டபம், எத்தனை படம், என்ன விலை என்று தொடங்குகிறவர்கள் கடைசியில் கையில் இருக்கிற படங்களையெல்லாம் சேர்த்து அதற்கு "எண்ணங்களின் வண்ணங்கள்" என்று ஒரு தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைப்பை நான் இனியும் பார்க்க விரும்பவில்லை.

கருவைக் குறுக்குதல்

"திருகோணமலை" ஒரு கரு அல்ல. "திருகோணமலையின் இயற்கை" என்று சொன்னாலும் அதே நிலைமைதான். "புள்ளிமான்கள்" என்றால் கொஞ்சம் நெருங்கிவிட்டோம். "கோட்டையை விட்டு இறங்கிய மான்கள் நகருக்குள் இரை தேடுகின்றன" என்றால் வேலையைத் தொடங்கலாம். இந்த வாக்கியத்தில் ஒரு வினை இருக்கிறது. யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்பது இருக்கிறது. மான் வீதியைக் கடக்கிறது, மதிலோரம் படுத்திருக்கிறது, குப்பைக்குள் முகத்தை விட்டுப் பொலித்தீனை இழுக்கிறது, மூடிய கடையின் முன்னால் நிற்கிறது. படங்கள் கண்முன்னே வரத் தொடங்கிவிடுகின்றன.

உங்கள் கருவைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி: அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்தக் கருவுக்குள் வரையக்கூடிய காட்சிகளை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். எட்டாவது வரியிலேயே கை நின்றுவிட்டால் கரு மிகவும் ஒடுங்கிவிட்டது. நாற்பதைத் தாண்டியும் ஓடிக்கொண்டேயிருந்தால் இன்னும் குறுக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வரிகளில் மூச்சு வாங்கினால் சரியான அளவு. அவற்றில் 15 சுவருக்கு வரும்.

இன்னொரு நிபந்தனையும் வைப்பேன். அந்த இடத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ திரும்பத் திரும்பப் போக முடிய வேண்டும். தொடர் ஓவியம் திரும்பிப் போவதில்தான் உருவாகிறது. ஒருமுறை சுற்றுலா போய் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்த 15 படங்கள், சுற்றுலாப் படங்களாகவே இருக்கும்.

மான் பிடிக்காதவர்களுக்கு ஊரில் கருவுக்குப் பஞ்சமில்லை. கரைவலை இருக்கிறது: தோணி கடலுக்குள் போவதிலிருந்து, இரு பக்கமும் ஆட்கள் கயிற்றை இழுத்து, மடி கரைக்கு வந்து, மீன் பங்கு பிரிக்கப்படும் வரை அது தானாகவே ஒரு வரிசை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எண்ணிக்கையைக்கூட இடமே கொடுத்துவிடுகிறது. கோட்டைச் சுவர் இன்னொன்று. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களையும் சேர்த்துக் கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் மீன் சின்னத்தோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இன்றும் சுவருக்குள் இருக்கிறது. கல்லை மட்டும் வரைந்து ஒரு தொடர் செய்ய முடியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன் படகுப் பாதையில் அக்கரைக்குப் போய்வந்தவர்களின் முகங்கள் மற்றொன்று.

ஆழிப்பேரலையையும் போரையும் கருவாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் இன்னொருவரின் வீட்டையோ இழப்பையோ வரைவதானால், படம் சுவருக்குப் போகும் முன் அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். திறப்பு விழாவில் முதல் தடவையாகத் தன் வீட்டின் இடிபாட்டை ஒருவர் சந்திக்கும்படி வைப்பது அநியாயம்.

தொடருக்குள் படங்கள் எப்படிச் சேருகின்றன

ஒரே கருவில் 15 படங்கள் வரைந்துவிட்டால் தொடர் ஆகிவிடாது. அவை ஒன்றோடொன்று ஏதோ ஒரு முறையில் பேச வேண்டும். எந்த முறை என்பதை முன்கூட்டியே தெரிவு செய்தால் பிறகு தடுமாற்றம் குறையும்.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1830களின் தொடக்கத்தில் பூஜி மலையை 36 இடங்களிலிருந்து பார்த்து மரச்செதுக்கு அச்சுப் படங்களாக வெளியிட்டார். வரவேற்பைப் பார்த்துப் பின்னர் பத்துப் படங்கள் சேர்க்கப்பட்டு மொத்தம் 46 ஆனது. சில படங்களில் மலை பிரமாண்டமாக நிற்கிறது. சிலவற்றில் அலையின் வளைவுக்குள்ளோ பீப்பாய் செய்கிறவரின் வட்டத்துக்குள்ளோ ஒரு சிறு முக்கோணமாகத்தான் தெரிகிறது. பொருள் மாறவில்லை, பார்க்கும் இடம்தான் மாறுகிறது. சுவாமி மலையை வரைந்தே தீருவேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் இந்த வழியைப் பின்பற்றலாம். மீன் சந்தையின் தராசுக்குப் பின்னால் மலை, பஸ் யன்னலுக்குள் மலை, உலர்த்திய சாரத்துக்கு இடையே மலை.

ஜேர்மனியின் கேத்தே கொல்விட்ஸ் 1890களில் நெசவாளர் எழுச்சியை ஆறே படங்களில் சொன்னார். வறுமை, சாவு, கலந்தாலோசனை, ஊர்வலம், வாசலில் தாக்குதல், முடிவு. ஆறையும் வரிசை மாற்றி மாட்ட முடியாது. மாற்றினால் கதை கெட்டுவிடும். கரைவலைக்கு இந்த முறை பொருந்தும்.

மூன்றாவது முறை கணக்கெடுப்பு. ஒரே வகைப் பொருளை, ஒரே கோணத்தில், ஒரே அளவில் அடுக்குவது. ஏழு கிணறுகளையும் நேர் மேலிருந்து பார்த்து, ஒரே அளவுச் சதுரத்துக்குள் வரைந்து வரிசையாக மாட்டுங்கள். பார்ப்பவர் தானாகவே வித்தியாசங்களைத் தேடத் தொடங்குவார்.

ஒரு கட்டுப்பாடு

1943இல் வங்காளப் பஞ்சத்தின்போது ஜைனுல் ஆபெதின் கல்கத்தா வீதிகளில் பசியால் விழுந்து கிடந்தவர்களை வரைந்தார். மலிவான பொதிக் கடதாசி, கறுப்பு மை, காய்ந்த தூரிகை. அந்தப் படங்களைப் பார்க்கிறவருக்கு அவை ஒரே கையிலிருந்து, ஒரே நெருக்கடியில் வந்தவை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எனவே தொடங்கும் முன்னர் உங்களுக்கு நீங்களே ஒன்றிரண்டு கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அளவு, ஒரே ஊடகம். அதற்கு மேல் ஒன்று வேண்டுமானால்: எல்லாப் படமும் மானின் கண்மட்டத்திலிருந்து, அல்லது எந்தப் படத்திலும் மனித முகம் தெரியாது, அல்லது எல்லாமே மின்விளக்கு வெளிச்சத்தில். நடுவில் அலுப்பு வரும்; வர்ணப் பென்சிலை எடுக்கத் தோன்றும். அந்த ஆசையைத் தனிக் கொப்பிக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள், தொடருக்குள் வேண்டாம்.

களத்தில்

மான் அசையாமல் நிற்காது. ஆகவே முதல் சில வாரங்கள் முழுப் படம் எதையும் எதிர்பார்க்காமல் அரை நிமிடக் கோடுகளாகவே கொப்பியை நிரப்புங்கள். முதுகின் வளைவு, கழுத்தின் சாய்வு, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பவை போதும். மான் தலையைத் திருப்பிவிட்டால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பி வரும். அப்போது பாதியில் விட்டதைத் தொடரலாம்.

உடலமைப்பைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். கிளைக்கொம்பு ஆணுக்கு மட்டும்தான். பொதுவாக மூன்று கிளைகள், அவற்றில் புருவத்தருகே கிளம்புவது தண்டுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். கொம்பு விழுந்து மீண்டும் முளைக்கும். வளரும் காலத்தில் அதன்மேல் மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும், அப்போது முனைகள் மொழுமொழுவென்று இருக்கும். புள்ளிகளை மழைத்துளி தெளித்ததுபோல் கண்டபடி வைக்கிறார்கள். உண்மையில் முதுகுத்தண்டை ஒட்டி அவை வரிசையாக ஓடுகின்றன; உடல் திரும்பும் இடத்தில் அந்த வரிசையும் வளைகிறது. புள்ளி வரிசையைச் சரியாகப் பிடித்தால் நிழல் போடாமலே உடலின் திரட்சி வந்துவிடும். தொண்டையிலுள்ள வெள்ளைத் திட்டையும் மறக்க வேண்டாம்; மங்கிய வெளிச்சத்தில் மானின் முகம் எந்தப் பக்கம் என்று காட்டுவது அதுதான்.

பிஸ்கற்றும் பழத்தோலும் கொடுத்து மானை நிறுத்தி வைத்து வரையாதீர்கள். அது நகருக்குள் இறங்கி வருவதற்கே அந்தப் பழக்கமும் ஒரு காரணம். அதையே நீங்கள் வரைய வந்திருக்கிறீர்கள்.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வீதியில் நின்று மானையும் மரத்தையும் வரைவது ஒன்று, காவலரணையும் முகாம் கட்டடங்களையும் நோக்கிக் கொப்பியைத் திறப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்யாதீர்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். யாராவது கேட்டால் கொப்பியை மூடாமல் திறந்தே காட்டுங்கள். மூடுகிறபோதுதான் சந்தேகம் வருகிறது. கடற்படைத் தளத்தின் பக்கமும், சீனன்குடாவிலுள்ள பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளின் பக்கமும் இதே எச்சரிக்கை.

ஒளியைப் பற்றி ஒன்று. நகரக் கரையிலிருந்து பார்த்தால் சுவாமி மலை கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் சூரியன் அதன் பின்னால் இருப்பதால் மலை வெறும் கருநிழல். பின்னேரம் மேற்கிலிருந்து ஒளி விழும்போதுதான் பாறையின் மடிப்புகள் தெரியும். எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுப் போங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கொப்பியின் நான்கு மூலைக்கும் கிளிப் போடாமல் கடற்கரைக்குப் போவது வீண்வேலை.

கடதாசியும் கடற்காற்றும்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். கண்டியில் எழுதிய வழிகாட்டிகூட இங்கே முழுதாக உதவாது. இங்கே உப்புக்காற்று, கார்த்திகை தொடங்கித் தை வரை ஈரம்.

பாடசாலைச் சித்திரக் கொப்பியின் தாள் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும், சுவருக்குப் போதாது. மரக்கூழின் லிக்னின் இருக்கும் தாள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், பின் உடையும். கடையில் கேட்கும்போது அமிலமற்ற தாள் என்று கேளுங்கள். பென்சிலுக்கும் பேனைக்கும் சதுர மீற்றருக்கு 200 கிராம் எடை போதும். மையை நீர் சேர்த்துத் தூரிகையால் பூசுவதானால் 300 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தாள் அலை அலையாக எழும்பும், சட்டத்துக்குள் போன பிறகும் அந்த அலை போகாது. மத்திய வீதிக் கடைகளில் நல்ல தாள் எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்காமல், கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஒரே தடவையில் முழுத் தொடருக்கும் வாங்குங்கள். 15 படத்துக்கு 25 தாள். பாதியில் தாள் மாறினால் வெள்ளையின் நிறமும் மாறும். அருகருகே மாட்டும்போது அது பளிச்சென்று தெரியும்.

A3 அளவு, அதாவது 29.7 × 42 செ.மீ., முதல் கண்காட்சிக்கு நல்ல தெரிவு. மடியில் வைத்து வரையலாம், மண்டபத்தில் இரண்டு மீற்றர் தள்ளி நின்றும் பார்க்கலாம்.

மையில் ஏமாற்று அதிகம். சாதாரணக் குமிழ்முனைப் பேனையின் மையும் மார்க்கரின் மையும் சாயம், வெளிச்சத்தில் வெளிறும். இந்தியன் மையில் கரி இருப்பதால் நிற்கும். கோட்டுப் பேனை வாங்கினால் நிறமி மை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பென்சில் வெளிறாது, ஆனால் 6Bயால் அழுத்தி நிரப்பிய கறுப்பு விளக்கொளியில் பளபளத்துச் சாம்பலாகத் தெரியும். ஆழ்ந்த கறுப்பு வேண்டிய இடத்துக்குக் கரியைப் பயன்படுத்துங்கள்.

கரி உதிராமலிருக்கப் பிக்சட்டிவ் தெளிக்க வேண்டும். காற்றில்லாத, ஆனால் திறந்த இடத்தில், ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடித்து, மெல்லியதாக இரண்டு தடவை. அதற்குப் பதில் தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே போதும் என்று யாராவது சொல்வார்கள். அது காலப்போக்கில் மஞ்சளாகும், பிசுபிசுக்கும்.

முடிந்த படங்களை மழைக்காலத்தில் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுவது பலருடைய பழக்கம். ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தடித்த மட்டைக் கோப்புக்குள், படத்துக்குப் படம் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து, கிடையாக வையுங்கள். தரையிலும் வேண்டாம், மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். பக்கத்தில் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் கறையானும் இராமபாணப் பூச்சியும் குடியேறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வரைதல், விலக்குதல்

இருபது காட்சிகளையும் முதலில் தீப்பெட்டி அளவில் வரைந்து ஒரே தாளில் பாருங்கள். இந்த நிலையிலேயே பாதிப் பிழைகள் வெளிப்படும். எல்லா மானும் இடப்பக்கம் பார்க்கிறது, எல்லாப் படத்திலும் அடிவானம் நடுவில் ஓடுகிறது, ஒன்றில்கூட வெற்றிடம் இல்லை. கிட்டப் பார்வை சில, தொலைவுக் காட்சி சில, மானே இல்லாமல் அதன் எச்சமும் குளம்புத் தடமும் மட்டும் ஒன்று என்று மாற்றிப் போடுங்கள்.

பெரிய தாளுக்கு வந்ததும் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நான்கைந்தை ஒரே காலத்தில் நகர்த்துங்கள். முதல் படத்துக்கும் பதினைந்தாவது படத்துக்கும் இடையே உங்கள் கை முன்னேறியிருக்கும். ஒவ்வொன்றாக முடித்தால் அந்தப் படிக்கட்டு சுவரில் அப்படியே தெரியும். வீட்டில் ஒரு சுவரை ஒதுக்கி, முடிந்ததையும் முடியாததையும் கிளிப்பில் தொங்கவிடுங்கள். சோறு சாப்பிடும்போதும் கண்ணில் பட வேண்டும்.

பிறகு கடினமான வேலை. இருபதில் ஐந்தை எடுத்துவிட வேண்டும். மிக மோசமானவற்றை நீக்குவது சுலபம். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு நல்ல படங்களில் ஒன்றை நீக்குவதுதான் வலிக்கும். பெரும்பாலும் அதிகம் உழைத்த படமே வெளியேற வேண்டியிருக்கும். ஓவியம் தெரியாத, ஆனால் வாய்க்கு அஞ்சாத ஒருவரைக் கூப்பிட்டு, எதில் நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்று மட்டும் கவனியுங்கள். அவருடைய விமர்சனத்தைவிட அவருடைய கால்கள் அதிகம் சொல்லும்.

வரிசையில் முதல் படம் மிகச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. தெளிவானதாக இருக்க வேண்டும். உள்ளே வருகிறவர் எந்த உலகத்துக்குள் வந்திருக்கிறார் என்று அது சொல்லிவிட வேண்டும். பலமான படங்களை ஒன்றாகக் குவிக்காமல் நடுவிலும் கடைசிக்கு ஒன்றிரண்டு முன்பாகவும் வையுங்கள்.

சட்டம் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கான் செய்யுங்கள், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல். A3 ஸ்கானர் கிடைக்காவிட்டால், காலை வேளையில் முற்றத்து நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து புகைப்படம் எடுங்கள்.

சட்டம்

கண்காட்சிச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போகும். ஆகவேதான் எல்லாப் படமும் ஒரே அளவு என்று முன்னரே அடம்பிடித்தேன். 15 சட்டங்களை ஒரே அளவில் ஒரே கடையில் கேட்டால் விலை பேசலாம். மெல்லிய கறுப்பு அல்லது இயல்பான மர நிறம். தங்கப் பூவேலைச் சட்டம் சுவாமி படத்துக்கு அழகு. மை ஓவியத்துக்கு அது பகை.

படத்தைச் சுற்றி 6 செ.மீ. அகலத்தில் மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை, போடச் சொல்லுங்கள். அழகுக்காக மட்டும் அல்ல. கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டிருந்தால் உட்பக்கம் வியர்க்கும் நீர் தாளில் இறங்கும், கரி கண்ணாடியில் ஒட்டும். அட்டையின் தடிப்புத்தான் இடையில் காற்றுக்கு இடம் விடுகிறது. தாளை மவுண்டில் செலோடேப்பால் ஒட்டக் கடைக்காரர் கை நீளும், தடுத்துவிடுங்கள். அது சில வருடங்களில் பழுப்புக் கறையாகி முன்பக்கம் வரும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய கடதாசிக் கீற்றுகள், கோதுமை மாப்பசை. கீழே ஒட்ட வேண்டாம். தாள் ஈரத்தில் விரியவும் காய்ந்து சுருங்கவும் இடம் வேண்டும். பின்பலகையாக ஹார்ட்போர்ட் போட்டால் அதற்கும் படத்துக்கும் இடையில் அமிலமற்ற தாள் ஒன்று.

கொளுக்கிகளும் ஆணிகளும் பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ இருக்கட்டும். சாதாரண இரும்பு இந்தக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.

மண்டபமும் நாளும்

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டுபோங்கள். A3 படம் கிடையாக, மவுண்டோடு 54 செ.மீ. அகலம். 15 படத்துக்கு 810 செ.மீ., இடைவெளி 25 செ.மீ. வீதம் 14 இடைவெளிக்கு 350 செ.மீ.; மொத்தம் 11.6 மீற்றர், சட்டத்தின் விளிம்புகள் தனி. தடையில்லாத சுவர் அவ்வளவு வேண்டும், அல்லது இரண்டு சுவர்களாகப் பிரிய வேண்டும். யன்னலும் கதவும் கரும்பலகையும் போக மீதியைத்தான் கணக்கெடுக்க வேண்டும். பாடசாலை மண்டபங்களிலும் நூலகங்களிலும் ஆணி அடிக்க விடமாட்டார்கள். காட்சிப் பலகைகள் இருக்கின்றனவா, மேலே நைலோன் நூல் கட்டக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

நாள் குறிப்பதில் ஊர் தெரிய வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை, வேண்டாம். பரீட்சைக் காலத்தில் பாடசாலை மண்டபம் கிடைக்காது, பிள்ளைகளும் வரமாட்டார்கள். பங்குனியில் கோணேசர் திருவிழா நாட்களில் ஊர் முழுவதும் அங்கேதான் நிற்கும். வெள்ளிக்கிழமை மதியத்தில் திறப்பு வைத்தால் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரக்கூடிய பாதிப்பேர் ஜும்ஆவில் இருப்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டவர்கள் வருவார்கள். வாங்கும் கை அவர்களுடையதாகவும் இருக்கலாம். போயா விடுமுறையை ஒட்டிய வார இறுதி, பின்னேரம் நான்கு மணித் திறப்பு என்றால் எல்லோருக்கும் வசதி.

எழுத்து, விலை

பெயர் அட்டையில் படத்தின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, விலை. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. இந்த ஊரில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். சிங்கள வரியை அந்த மொழி பேசும் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

கண்காட்சி வாசலில் வைக்கும் குறிப்பு நூறு சொல்லைத் தாண்டத் தேவையில்லை. "இயற்கை அன்னையின் எழிலை என் விரல்கள் வழியே" என்று தொடங்கினால் படிக்கிறவர் அடுத்த வரிக்கு வரமாட்டார். "கோட்டைக்குள் வளர்ந்த புள்ளிமான்கள் இப்போது நகர வீதிகளில் இரை தேடுகின்றன. ஓர் ஆண்டாகப் பின்னேரங்களில் அவற்றின் பின்னால் போய் இந்தியன் மையால் வரைந்தவை இவை." இவ்வளவு போதும். வேண்டுமானால் எந்தெந்த வீதிகள் என்று சேர்க்கலாம்.

விலையில் வெட்கப்படாதீர்கள். சட்டம், கண்ணாடி, தாள், மண்டப வாடகை, அச்சு எல்லாவற்றையும் கூட்டி 15ஆல் வகுத்தால் ஒரு படத்தின் அடக்கவிலை வரும். அதன்மேல் உழைப்புக்கு வையுங்கள். ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை. பிடித்த படத்துக்குக் கூடுதலாகப் போட்டால் மற்றவை மட்டம் என்று நீங்களே அறிவித்ததாகிவிடும். பிரியமானதை விற்க மனமில்லை என்றால் "விற்பனைக்கு அல்ல" என்று ஒன்றில் மட்டும் எழுதுங்கள். காட்சிக்கூடம் ஒன்றில் வைப்பதானால் விற்பனையில் அவர்கள் எடுக்கும் பங்கை முதலிலேயே எழுத்தில் பெறுங்கள்.

மாட்டும் நாள்

படங்களை முச்சக்கர வண்டியில் கொண்டுபோகும்போது நிமிர்த்தி, கண்ணாடிக்குக் கண்ணாடி பார்க்க, இடையில் மட்டை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. திறப்புக்கு முதல் நாளே மாட்டி முடியுங்கள்.

படத்தின் நடு தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலோருக்குக் கழுத்து வலிக்காது. சட்டத்தின் உயரம் 42 செ.மீ. என்றால் பாதி 21. தொங்கவிடும் கம்பி இழுபடும்போது மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே நிற்கிறது என்று வையுங்கள். 150 உடன் 21 கூட்டி 5ஐக் கழித்தால் 166. ஆணி 166 செ.மீ. உயரத்தில். ஒரு நூலில் சுண்ணாம்புப் பொடி தடவிச் சுவர் முழுக்க ஒரு கோடு அடித்துவிட்டால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் 10 செ.மீ. இறக்குங்கள்.

யன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடிச் சட்டம் மாட்டினால் பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். யன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரே நல்லது. நேர் வெயில் படவே கூடாது. விளக்குகளைத் திருப்ப முடிந்தால், ஒளி மேலிருந்து ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் விழட்டும். மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். நூலில் தொங்கும் சட்டங்கள் ஆடும். கீழ் மூலைகளின் பின்னால் ஒட்டுக்களி சிறிது வைத்தால் நிற்கும்.

திறப்பு நாளில் உரைகளைக் குறையுங்கள். மூன்று பேர் பேசினால் படம் பார்க்க வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். விற்ற படத்தின் அட்டையில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். கடைசி நாள் வரை அது சுவரை விட்டு இறங்கக் கூடாது, வாங்கியவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். பற்றுச்சீட்டு எழுதி, வாங்கியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எந்தப் படம் என்பதும் ஒரு கொப்பியில் பதியுங்கள். பிறகொரு நாள் அந்தப் படத்தை இன்னொரு கண்காட்சிக்குக் கடனாகக் கேட்க வேண்டி வரலாம். மாட்டியிருக்கும் நிலையில் ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுங்கள், ஆட்கள் இல்லாமல் ஒன்று, ஆட்களோடு ஒன்று.

விற்காத படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து மட்டைக் கோப்புக்குள் திருப்பி வையுங்கள். வெறும் சட்டங்களைக் கண்ணாடியோடு தாளில் சுற்றி நிமிர்த்தி அடுக்குங்கள். எல்லாம் ஒரே அளவு என்பதால் அடுத்த தொடருக்குச் சட்டச் செலவு பெரும்பாலும் இருக்காது; விற்றுப்போன எண்ணிக்கைக்கு மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.